கண்ணாடிப் பெட்டி வேண்டாம், களம் வேண்டும்!

"விளையாட்டுக் காரைப் பற்றி மன்ற மலரிலே ஒரு கட்டுரையா?" என்று இதழைப் புரட்டும் தோழர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். மொழியைப் பற்றி எழுதலாம்; நாட்டு நடப்பைப் பற்றி எழுதலாம்; படித்தவர்க்கு வேலை இல்லாத கொடுமையைப் பற்றி எழுதலாம். முதுகலையிலே இயற்பியல் பயிலும் ஒருவர், பிள்ளைகள் ஓட்டும் காரைப் பற்றி எழுதுவானேன்? கேள்வி நியாயமானது. விடை கூறுவதற்காகவே எழுதுகிறேன்.

நான் பேச வந்தது கம்பித் தொடர்பு இல்லாமல், வானலையின் ஆணைக்குக் கட்டுப்பட்டு ஓடும் சிறிய கார்களைப் பற்றி. ஆர்.சி. கார் என்பர் இளைஞர். கடைத்தெருவிலே வாங்கி, இரண்டு நாள் ஓட்டி, மூன்றாம் நாள் குப்பையிலே எறியும் பொம்மை அன்று இது. உண்மைக் காரிலே பத்தில் ஒரு பங்கு அளவு. உண்மைக் காரில் உள்ளவை பெரும்பாலும் இதிலும் உண்டு. அதிர்ச்சி தாங்கும் சுருள்வில் உண்டு. வளைவிலே உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல வழி செய்யும் டிஃபரன்ஷியல் உண்டு. திருப்பும் கை உண்டு. ஒவ்வோர் உறுப்பையும் திருகு கழற்றி எடுக்கலாம், பழுது பார்க்கலாம், மீண்டும் பூட்டலாம். இந்தக் கடைசிப் பண்புதான் என்னைக் கவர்ந்தது.

இதன் வரலாறு சிறுபிள்ளை வரலாறு அன்று. 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்திலே ஜகதீச சந்திர போஸ், சுவரைக் கடந்து செல்லும் அலையால் மணியை அடிக்கச் செய்து காட்டினார். 1898-ல் நியூயார்க்கிலே நிகோலா டெஸ்லா, தண்ணீர்த் தொட்டியில் மிதந்த சிறு படகொன்றை வானலையால் ஓட்டிக் காட்டினார். தொலைவிலிருந்து ஒரு பொருளை ஆளும் கலை அங்கே பிறந்தது. 1966-ல் இத்தாலியின் எல்ஜி நிறுவனம் ஃபெராரி காரின் சிற்றுருவை வானலைக் கட்டுப்பாட்டோடு விற்பனைக்குக் கொணர்ந்தது. 1976-ல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் போர்ஷே 934 என்னும் தன் முதல் ஆர்.சி. காரை வெளியிட்டது. 1979-ல் மணலிலும் மேட்டிலும் ஓடும் சாண்ட் ஸ்கார்ச்சர் வந்தது. 1984-ல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் வந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்.சி. 10 என்னும் பந்தயக் காரை அளித்தது. இவையே இன்று 'பழங்கார்கள்' என்று போற்றப்படுகின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவற்றைப் புதுப்பித்துப் பந்தயம் விடும் கழகங்கள் இயங்குகின்றன.

அங்கே பிறந்த பொருளுக்கும் நம் பாலக்காட்டு, இடுக்கி எல்லைப்புறத்துக்கும் என்ன தொடர்பு?

என் பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி ஏறியவர். என் தந்தையார் அங்கிருந்து இறங்கி, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு வந்தவர். லயத்துக் குளிரிலே நடை பயின்றேன். வாளையாற்றுக் கணவாய்க் காற்றிலே பள்ளிக்கூடம் சென்றேன். இவ்விரு பகுதிகளிலும் ஒரு செய்தி பொதுவானது. 1980-களிலே வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர் ஊர் திரும்பும்போது, டேப் ரிக்கார்டரும் சேலையும் வாசனைப் புட்டியும் அடைத்த பெட்டியின் ஓரத்திலே, பிள்ளைகளுக்கென்று ஒரு ஜப்பானியக் காரையும் வைத்துக் கொண்டு வந்தனர். பிள்ளைகள் ஓட்டினர், பேட்டரி செத்தது, பரண் ஏறிற்று. நாற்பது ஆண்டுகள் கடந்தன.

இன்று அந்தக் கார்களை இரு விதி எதிர்நோக்கி நிற்கிறது. ஒன்று, எடைக்குப் போட்டு, ஆக்கிரிக் கடையிலே நசுங்குதல். மற்றொன்று, 'அரும்பொருள்' என்று பேர் பெற்று, பணம் படைத்தவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியிலே அமர்தல். முன்னது சாவு. பின்னது? அலங்கரிக்கப்பட்ட சாவு என்பேன். மூன்றாவது வழி ஒன்று உண்டு. பிரித்துப் பார், பழுது நீக்கு, களத்திலே ஓட விடு! அந்த மூன்றாவது வழிக்கு வாதாடுவதே என் நோக்கம்.

பிரித்துப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்போர்க்கு இரண்டு பெயர்களை நினைவூட்டுவேன். கோவையின் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை கொண்டார். உணவு விடுதியிலே பணியாற்றிப் பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது என்ன? உறுப்பு உறுப்பாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அந்தக் கை 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டது. பின்னர் மோட்டாரும் வானொலியும் சவரக் கருவியும் செய்தது. மற்றொருவர் தமியா நிறுவனத்தை வளர்த்த ஷுன்சாகு தமியா, 2025-ல் மறைந்தார். போர்ஷே காரின் சிற்றுருவைப் பிழையின்றிச் செய்யவேண்டும் என்பதற்காக, உண்மையான போர்ஷே கார் ஒன்றையே வாங்கி, கழற்றி அளவெடுத்தவர் அவர். கோவைக்கும் ஷிசுவோகாவுக்கும் இடையே கடல் உண்டு. மொழி வேறு, காலம் வேறு. ஆயினும் பாடம் ஒன்றே: பிரிக்கத் துணிந்தவனே படைக்கத் தெரிந்தவன் ஆனான்.

நம் நிலை என்ன? நான் இளங்கலை பயின்ற கல்லூரி ஒன்றிலே அலைவுகாட்டி என்னும் அரிய கருவி இருந்தது. எங்கே இருந்தது? கண்ணாடி அலமாரியிலே, பூட்டுக்குள் இருந்தது! மூன்றாண்டுகள் அதன் படத்தை ஏட்டிலே வரைந்தோம். அதன் திருகைத் தொட்டதில்லை. மாணவர் தொட்டால் கெட்டுவிடும் என்றனர். கருவி கெடவில்லை, மாணவர் கெட்டோம். ஈயம் பற்றவைக்கத் தெரியாமலேயே இயற்பியல் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்! அந்தக் குறையை எனக்குத் தீர்த்து வைத்தது பல்கலைக்கழகம் அன்று; பரணிலிருந்து இறங்கிய ஒரு பழங்கார்.

கொழிஞ்சாம்பாறை நண்பர் ஒருவரின் வீட்டிலே கிடந்த கிராஸ்ஹாப்பர் அது. அவருடைய மாமா துபாயிலிருந்து கொண்டு வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலே மறந்து விடப்பட்ட எட்டு செல்களும் கசிந்து, தகடுகளில் பூத்திருந்தன. கசிந்தது எது என்று முதலில் அறிய வேண்டும். அல்கலைன் செல்லிலிருந்து கசிவது காரம். அதைப் புளிக்காடி கொண்டு தணிக்கலாம். பழைய துத்தநாகச் செல்லின் கசிவோ அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடா வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலே மனப்பாடம் செய்த நடுநிலையாக்கல் வினை, அன்றுதான் என் விரல் நுனிக்கு வந்து சேர்ந்தது.

டயர்கள் வெடித்திருந்தன. ரப்பர் மூலக்கூற்றின் இரட்டைப் பிணைப்பைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குவதால் வரும் வெடிப்பு அது. ரப்பர்ப் பால் வெட்டும் மலைநாட்டிலே வாழ்ந்தும், அந்த வேதியியலை ஒரு ஜப்பானிய டயரிலே கற்றேன். மோட்டாரைத் திறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து, செம்புத் துண்டுகளின் மேல் கரி படிந்து கிடந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்போ எளிமையின் சிகரம்: ஒரு கை நகர்கிறது, மின்தடை இடையிலே புகுகிறது, கார் மெதுவாகப் போகிறது. மிச்சமாகும் ஆற்றல் எங்கே போகிறது? தடையிலே வெப்பமாகப் போகிறது. விரல் வைத்தால் சுடும்! இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டிலே நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடி அந்த வீணடிப்பைத் தவிர்க்கிறார்கள். பழையதன் சூட்டைத் தொட்டவனுக்குத்தான் புதியதன் சிறப்பு விளங்கும்.

எல்லாவற்றிலும் வியப்பளித்தது படிகம். அனுப்பும் பெட்டியிலே ஒரு படிகம், காரிலே ஒரு படிகம். இரண்டுக்கும் அதிர்வெண் ஒன்றல்ல. 455 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு. ஏன்? 1918-ல் ஆர்ம்ஸ்ட்ராங் கண்ட சூப்பர்ஹெட்டரோடைன் முறைப்படி, வரும் அலையையும் உள்ளே பிறக்கும் அலையையும் கலந்து, அவற்றின் வேறுபாட்டை மட்டும் பெருக்கிக் கொள்கிறது கருவி. லயத்திலே என் பாட்டி திருச்சி வானொலி கேட்ட பெட்டிக்குள்ளும் இதே 455 தான்! பாட்டியின் வானொலியும் பரணின் காரும் ஒரே தத்துவத்தின் இரு பிள்ளைகள் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

பேட்டரி, டயர், பிரஷ், ஈயம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 3,400 ரூபாய். அதையும் நண்பர் மூவர் பகிர்ந்து கொண்டோம்.

"சரி, பழுது நீக்கினாய், பத்திரமாக வை. பந்தயத்திலே விட்டு உடைப்பானேன்?" என்று கேட்கிறார்கள் சேகரிப்பாளர்கள். அவர்கள் வாதத்திலும் சத்து உண்டு. 1984-ல் வார்த்த பிளாஸ்டிக் மீண்டும் பிறவாது. மூலப்பொருள் அழிந்தால் அழிந்ததுதான். அட்டைப்பெட்டி திறவாத ஓரிரு கார்களைச் சான்றாகக் காத்தல் நன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கார்களும் சான்றுப் பொருள்களாகிவிட்டால், சாலை அறிந்தவர் யார்? மேலும், ஹார்னெட்டை 2004-லும் கிராஸ்ஹாப்பரை 2005-லும் சாண்ட் ஸ்கார்ச்சரை 2010-லும் தமியாவே மீண்டும் வெளியிட்டது. உறுப்புகள் கிடைக்கின்றன. உடையும் என்ற அச்சத்துக்கு முன்னிருந்த வலிமை இன்று இல்லை.

நம் மலைகளையே சான்றுக்கு அழைக்கிறேன். மூணாற்றிலே குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று ஒன்று இருந்தது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908-ல் குறுகிய இருப்புப் பாதையாக மாறிற்று. டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைச் சுமந்தது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே தேயிலை நம் கொட்டகுடிக்கு இறங்கிற்று. 1924 வெள்ளம் பாதையை அடித்துச் சென்றது. பிறகு அதை யாரும் எழுப்பவில்லை. இன்று எஞ்சியிருப்பவை படங்களும் சில துண்டுகளும். நீலகிரிக்கு வாருங்கள்! மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் ஏறிய பல்சக்கர ரயில் இன்றும் ஓடுகிறது. எப்படி ஓடுகிறது? எஞ்சின் கிழடானபோது, திருச்சிப் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர் உறுப்புகளைச் செய்தனர். முழு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்து தந்தனர். 2005-ல் அது உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. நீலகிரியிலே மரபு என்று நாம் போற்றுவது இரும்பை மட்டுமா? அந்த இரும்பைச் செய்யத் தெரிந்த கைகளையும் அன்றோ! ஓட்டம் நின்றால் கைத்திறன் மறையும். கைத்திறன் மறைந்தபின் கண்ணாடிக்குள் இருப்பது வெறும் கூடு.

"பணக்காரர் விளையாட்டு" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதை நான் எளிதில் தள்ளமாட்டேன். புதிய பந்தயக் கார்களின் உலகிலே அது உண்மைதான். விலையுயர்ந்த மோட்டார், விலையுயர்ந்த லித்தியம் பேட்டரி; பணம் கூடக் கூட வேகம் கூடும். தோட்டத் தொழிலாளியின் மகன் அங்கே வேலிக்கு வெளியே நின்று வேடிக்கைதான் பார்க்கவேண்டும். ஆனால் பழங்கார்ப் பந்தயத்துக்கு நாம் விதி வகுக்கலாமே! ஒரே வகை மோட்டார், 7.2 வோல்ட் பேட்டரி ஒன்று. 1990-க்கு முன் வடிவமைத்த கார். வேகத்தை விலைக்கு வாங்கும் வழியை அடைத்துவிட்டால், மிஞ்சுவது கைத்திறனும் கண்திறனும்தான். அவை எந்த லயத்திலும் பிறக்கும்.

சென்ற மாசி மாதம், அறுவடை முடிந்து காய்ந்த சித்தூர் வயலொன்றிலே ஆறு கார்களை ஓட்டினோம். வரப்புகளே வேலி, பழைய சைக்கிள் டயர்களே திருப்பங்கள். பாலக்காட்டுத் தமிழரும் மலையாளிகளும் இருந்தனர்; வண்டிப்பெரியாற்றிலிருந்து பஸ் ஏறி வந்த இருவரும் இருந்தனர். இரண்டாம் சுற்றிலே ஒரு காரின் முன்கை முறிந்தது. வண்டிப்பெரியாற்றுத் தம்பி, எஸ்டேட் பணிமனையிலே தந்தைக்குத் துணை நிற்பவன், முறிந்த இரு துண்டுகளிலும் துளையிட்டு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஊசிபோல் உள்ளே செலுத்தி, பசை இட்டுப் பொருத்தினான். அந்தக் கார் அவனுடையதன்று. அவனை முந்திக்கொண்டிருந்த காரே அது! பசை உலரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். வென்றவர் யாரென்று அங்கே வந்தவர் பலருக்கும் இன்று நினைவில்லை. அந்தக் கம்பி எல்லோர்க்கும் நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவன், முதுகலை பயிலும் எங்கள் நால்வர்க்கும் அன்று ஆசிரியனாக இருந்தான். இந்த உறவை ஏற்படுத்தித் தரும் வேறொரு மேடை நம் பல்கலைக்கழகத்திலே உண்டா? காட்டுங்கள், நான் பேனாவைக் கீழே வைக்கிறேன்.

பழைய கார்கள் இன்னொரு பண்பையும் கற்பிக்கும். 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலே அவற்றுக்குக் கிடைத்தவை ஆறே ஆறு அலைவரிசைகள், 26.995 முதல் 27.255 வரை. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணக் கொடி. ஒரே வண்ணத்தில் இருவர் விசையைப் போட்டால், ஒருவரின் ஆணைக்கு மற்றவரின் கார் தாறுமாறாக ஓடும். ஆகவே பெட்டியைத் திறக்குமுன், "சிவப்பிலே யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டாக வேண்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி தானே வழி தேடிக்கொள்ளும். கேட்கவேண்டிய தேவை இல்லை. வசதிதான், மறுக்கவில்லை. எனினும் எல்லைப்புறத்திலே, இரு மொழியும் இரு மாநிலமும் ஒரே காற்றைப் பகிர்ந்து வாழும் நமக்கு, "நீங்கள் முடித்தபின் நான் வருகிறேன்" என்று சொல்லிப் பழகுவது நல்ல பயிற்சி அன்றோ!

குப்பையைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், மின்சார விளையாட்டுப் பொருள்களையும் தம் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. 2022 டிசம்பரிலே மைய அரசு, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலையும் திறந்தது. சட்டம் வந்தது, வாயில் திறந்தது, கை எங்கே? பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியிலே உள்ள காட்மியம் நஞ்சு. அதை வாய்க்காலில் எறிந்தால் பவானியும் பெரியாறும் பாரதப்புழையும் நம்மை மன்னிக்கா. செத்த பேட்டரியைச் சேகரிப்போரிடம் ஒப்படைப்பதும், பழைய சார்ஜரிலே லித்தியம் பேட்டரியை மாட்டாதிருப்பதும் இந்தக் கலையின் முதல் ஒழுக்கம்.

ஆகவே மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, திங்களுக்கு ஒரு சனிக்கிழமை, மன்ற அறையிலே ஒரு மேசை வேண்டும். நான்கு திருப்புளி, இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர் போதும். வீட்டுப் பரணிலே உறங்கும் கார்களையும் வானொலிகளையும் உறுப்பினர் கொண்டு வரட்டும். மாணவியர் பார்வையாளராக நிற்க வேண்டாம். திருப்புளியைக் கையிலே எடுக்கட்டும்.

இரண்டாவது, பொங்கல் விழாவிலே பேச்சுப் போட்டியோடு ஒரு பந்தயமும் நடக்கட்டும். பாதி மதிப்பெண் ஓட்டத்துக்கு; பாதி மதிப்பெண், தான் நீக்கிய பழுதைத் தமிழிலே விளக்குவோர்க்கு. தோட்டத்து மெக்கானிக்குகளை நடுவராக அழைப்போம்.

மூன்றாவது, பழுது பார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழிலே எழுதுவோம். பணிமனையிலே வழங்கும் சொல்லை வெறுக்காமல், புத்தகச் சொல்லை ஒதுக்காமல், பயன்படும் மொழியிலே எழுதுவோம். அறிவியலைத் தமிழிலே சொல்ல முடியுமா என்ற பழைய கேள்விக்கு மேடையிலே விடை சொன்னது போதும். மேசையிலே விடை சொல்வோம்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. துணை வேந்தரின் ஆணை தேவையில்லை. வேண்டுவது ஒன்றே: தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சத்தை விடுதல். தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது பரணிலே ஏறிப் பாருங்கள். தூசு படிந்த ஏதேனும் ஒன்று அங்கே கிடக்கும். துடைத்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கொண்டு வாருங்கள், திறந்து பார்ப்போம்!